ஒரு நாள் முந்தி வந்த பாடகர்

2024 ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை. இருபத்தொன்பதாம் நோன்பு. விடியுமுன் சஹர் சாப்பிட்டு, பள்ளிவாசலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து சிறிது நேரம் படுத்தேன். எழுந்ததும் கடைக்குப் போனேன். வாசலில் தண்ணீர் தெளித்தேன். பெரிய பிரியாணிப் பாத்திரங்களான தேக்சாக்களின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை எடுத்து மடித்து வைத்தேன். பிறகு இடது சுவர் அடுக்கையும் வலது சுவர் அடுக்கையும் ஒரு முறை சரிபார்த்தேன். நோன்பு மாதத்தின் கடைசி வாரம் முழுக்க என் காலை இப்படித்தான் இருக்கும்.

பாலக்காட்டுக் கடைத்தெருவில் எங்களுடையது வாடகைப் பாத்திரக் கடை. பிரியாணி தேக்சா, சட்டுவம், நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சகன் தட்டு, ஜமுக்காளம் எல்லாம் கிடைக்கும். இடது சுவரோரம் இருப்பவை இந்தப் பக்கத்து ஆர்டர்கள். வலது சுவரோரம் இருப்பவை மாநில எல்லையான வாளையாருக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்குப் போக வேண்டியவை. இரண்டையும் கலக்கக் கூடாது. பெருநாள் பிறை விஷயத்தில் கேரளத்துக் காஜிகள் ஒரு முடிவு அறிவிப்பார்கள், தமிழ்நாட்டுக் காஜி ஒரு முடிவு அறிவிப்பார். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக அமைந்துவிடும். சில வருடம் ஒரு நாள் தள்ளிப்போகும். அப்படிப்பட்ட வருடங்களில் எங்கள் வீட்டில் பிரியாணி வேகும்போது, கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த என் தங்கை வீட்டில் நோன்பு பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவள் போன் செய்து, "வாசன இங்க வரைக்கும் வருது, உங்களுக்கெல்லாம் பாவம் புடிக்கும்" என்பாள்.

கடையில் என் கூட்டாளி என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவர் மனைவி திருப்பூரில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்ததால் அந்த நோன்பு முழுவதும் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. பாத்திரம் திரும்பி வந்ததும் கழுவிப் பார்த்து எடுத்து வைப்பது அவர் வேலை. விரல் முட்டியால் விளிம்பில் தட்டுவார். ஓசை சரியாக இருந்தால் அடுக்கில் ஏற்றுவார். கீறல் விட்ட பாத்திரம் செத்த ஓசை கொடுக்கும். அதை ஈயம் வைத்து அடைப்பவருக்கென்று ஒதுக்குவார். தட்டியதும் அதே ஓசையை வாய்க்குள் முணுமுணுப்பார். அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

மச்சான் பாடகராக இருந்தவர். பன்னிரண்டு வயதில் ஒரு காஸெட்டில் பாடினார். ஏழு பாட்டு. அதில் ஒன்று, வெளியூருக்குப் பிழைக்கப் போகும் பிள்ளை தனக்காக துஆ செய்யும்படி தாயிடம் கேட்பதாக வரும் பாட்டு. அது மட்டும் எங்கெங்கோ போய்விட்டது. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டிருக்கிறேன். என் அத்தாவோடு இடுக்கி மலையில் இருக்கும் ஆனைக்கரைக்கு ஏலக்காய் எடுக்கப் போனபோது, அங்கே ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையிலும் அதுதான் ஓடியது. கொட்டகையில் வேலை செய்த பெண்களில் முஸ்லிம்கள் யாரும் இல்லை. ஒருத்தி அந்தப் பாட்டு முடியும்வரை கையை வேலையில் வைக்கவில்லை. பாடுவது எங்கள் தெருப் பையன் என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

அவருடைய குரல் சன்னமானது. ஆனால் மேலே ஏறும்போது உடையாது. சரணத்தில் தாயை 'உம்மா' என்று கூப்பிடும் இடத்தில் ஒரேயடியாக உச்சிக்குப் போய் அங்கேயே நிற்கும். அந்த ஒரு இடத்துக்காகவே ஜனங்கள் காசு கொடுத்துக் கூப்பிட்டார்கள். தர்காவில் கந்தூரி மேடை, கல்யாண மேடை என்று இரண்டு வருடம் ஓய்வில்லை. அவருடைய அத்தா கடையைப் பூட்டிவிட்டு மகனோடு சுற்றினார். பிறகு பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்தில் அந்த இடம் வந்தபோது குரல் பிளந்துவிட்டது. எல்லாப் பையன்களுக்கும் வருவதுதான் அவருக்கும் வந்தது. ஜனம் சிரித்தது. பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு மேடையை விட்டு இறங்கினார். காஸெட் கம்பெனி வேறொரு பையனைப் பிடித்துக்கொண்டது. இருபது வயதில் சொந்தக் காசில் இன்னொரு காஸெட் போட்டார். வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "இது அந்தப் பையன் இல்லையே" என்றார்கள். அதன் பிறகு அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை.

முதல் காஸெட் மட்டும் சாகவில்லை. சீடியானது, பென் டிரைவ் ஆனது, இப்போது போனில் இருக்கிறது. நோன்பு மாதம் வந்தால் எங்கள் தெருவிலேயே இரண்டு கடைகளில் ஓடும். ஒருமுறை தேக்சாவுக்கு முன்பணம் கட்ட வந்தவர் அதைக் கேட்டுவிட்டு, "இந்தப் பையன் இப்ப எங்க இருக்கானோ" என்றார். மச்சான் சில்லறையைக் கொடுத்தபடி, "நல்லாத்தான் இருப்பான்" என்றார்.

அவர் பாடுவதை அறவே விட்டுவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். எங்களிடம் இருப்பதிலேயே பெரிய தேக்சாவைக் கழுவும்போது இடுப்புவரை உள்ளே குனிந்துவிடுவார். தேய்க்கும் சத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். உள்ளிருந்து கனமாக, தாழ்ந்த குரலில் ஏதோ வரும். வெளியே நிற்பவர்களுக்குச் சொல் புரியாது. அந்தச் சமயத்தில் நான் கடையின் முன்பக்கம் போய்விடுவேன்.

அந்த வருடம் நோன்பு பாதி கழிந்தபோது, வாளையார் தாண்டி மதுக்கரைப் பக்கத்து ஜமாஅத் ஒன்றின் செயலாளர் பாத்திரம் பேச வந்தார். பேச்சு முடிந்ததும், "அந்தக் காஸெட் பையன் உங்க ஊருதானுங்களே, பாய்?" என்று கேட்டார்.

"ஆமா. உள்ள இருக்காரு" என்று தேக்சாவைக் காட்டினேன்.

அதற்குள்ளிருந்து மச்சானின் தலை வெளியே வந்தது. தாடியில் சாம்பல்.

செயலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தன் அம்மா கடைசியாகக் கேட்ட பாட்டு அதுதான் என்றார். பெருநாளைக்கு முந்தின ராத்திரி ஒரு சின்ன நிகழ்ச்சி வைக்கிறோம், நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்றார். "பிறை தெரிஞ்சதும் பாத்திரத்தோட நீங்களும் வந்துருங்க. மேடைக்கு வாங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

மச்சான் கையை விடுவித்துக்கொண்டு மறுபடி தேக்சாவுக்குள் குனிந்தார். மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மாப்ள, ஒரு தடவ. இந்தத் தொண்டையில ஒரு தடவ பாடிப் பாக்கறேன். எடுபடலன்னா எறங்கிர்றேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே கெடையாது" என்றார். அன்றிலிருந்து நோன்பு திறக்கும்போது வடையைத் தொடவில்லை. ஐஸ் போட்ட சர்பத்தை நகர்த்தி வைத்துவிட்டு வெந்நீர் குடித்தார். பெரிய தேக்சா தினமும் பளபளவென்று இருந்தது. யாரும் அதைக் கொண்டுபோகவும் இல்லை, திருப்பிக் கொண்டுவரவும் இல்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்தோம். கேரளத்தில் பிறை கண்டாயிற்று, நாளை பெருநாள் என்று மலையாளச் சேனலில் சொன்னார்கள். தெருவில் பையன்கள் பட்டாசைக் கொளுத்திப் போட்டார்கள். மச்சான் ஏற்கெனவே வெள்ளைச் சட்டை மாற்றியிருந்தார்.

"கெளம்பு மாப்ள" என்றார்.

"அந்தப் பக்கம் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டுப் போகலாம், மச்சான்."

"செயலாளருக்கு ரெண்டு தடவ போன் போட்டேன். எடுக்கல. வேலையா இருப்பாரு. வாளையாரத் தாண்டினா வேற ஆகாசமா இருக்கு?"

வேற ஆகாசம் இல்லை, வேற காஜி என்று சொல்ல நினைத்தேன். ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் எதற்கும் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. அதனால் சொல்லவில்லை. இடது சுவர் ஆர்டர்களை எடுக்க வந்தவர்களுக்கு எல்லாம் கொடுத்து அனுப்பினேன். வலது சுவரில் இருந்த செயலாளரின் பாத்திரங்களை மட்டும் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினேன். என் மனைவி வாசலில் நின்று, "அண்ணே, மைக்கப் பாத்ததும் தேக்சான்னு நெனச்சு உள்ள தலைய விட்றாத" என்றாள்.

வாளையாரில் லாரிகள் வரிசையாக நின்றன. மெதுவாகத்தான் நகர முடிந்தது. தாண்டியதும் எனக்கு ஒரு வித்தியாசம் தட்டுப்பட்டது. எங்கள் பக்கம் துணிக்கடை, கோழிக்கடை வாசலெல்லாம் கூட்டம் பிதுங்கியது. இந்தப் பக்கம் வழக்கமான செவ்வாய்க்கிழமை. மச்சான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். சாலையோரப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியில் நீளமாகக் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நோன்பு மாத இரவுத் தொழுகையான தராவீஹ். பிறை தெரிந்துவிட்டால் அன்றிரவு அந்தத் தொழுகை கிடையாது.

"இங்க தெரியல மாப்ள. நாளைக்கும் நோன்பு" என்றார் மச்சான்.

"திரும்பிரலாமா?"

"பாத்திரத்த எறக்கிட்டுப் போவோம். நாளைக்கு ஒரு சுமை மிச்சம்."

தெருவின் கடைசியில் இருந்தது மண்டபம். கதவு திறந்திருந்தது. உள்ளே மைக்செட்காரர் ஒருவர் ஏணியில் நின்று குழல்விளக்கு கட்டிக்கொண்டிருந்தார். மேடையின் பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் காஸெட் அட்டையில் இருந்த அதே படம்: தொப்பி போட்ட, கழுத்து நீண்ட பன்னிரண்டு வயதுப் பையன். ஒரே ஒரு ஸ்பீக்கரில் சத்தம் குறைத்து அந்தப் பாட்டு ஓடியது.

"யாருங்க அது?" என்றார் ஏணியில் இருந்தவர்.

"பாத்திரக்காரங்க. பாலக்காடு" என்றேன்.

"பாத்திரம் நாளைக்கில்லீங்களா வேணும்? இங்க இன்னும் பிறை தெரியலீங்களாமா. பாயிங்க எல்லாம் தொழுகையில இருக்கறாங்க."

"எங்க ஊர்ல தெரிஞ்சிருச்சு."

"அதானே பாத்தேன். உங்க ஊர்ல எல்லாமே ஒரு நாள் முந்தித்தானுங்க" என்று சிரித்தார்.

மச்சான் ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குப் பாட்டு யாருங்க?" என்று கேட்டார்.

"இந்தப் பையன்தானுங்க. இப்ப ஆளு வயசாயிட்டாராமா. குரலெல்லாம் போயிருச்சாமா. அவரு வந்து மேடையில நிப்பாரு, நான் பென் டிரைவ ஓட்டி உட்ருவனுங்க. மைக்க அமத்தி வெக்கச் சொல்லிப்போட்டாங்க."

"அது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமுங்களா? வாய அசைக்கோணுமல்ல."

பாட்டு சரணத்துக்கு வந்தது. பையன் 'உம்மா' என்று உச்சிக்குப் போனான். மச்சான் அது முடியும்வரை நின்றார். பிறகு வெளியே வந்து, என்னோடு சேர்ந்து தேக்சாக்களை இறக்கினார். எல்லாவற்றையும் மண்டபத்தின் பின்கட்டில் கவிழ்த்து வைத்தோம். வண்டியில் ஏறப் போகிறார் என்று நினைத்துச் சாவியை எடுத்தேன். அவர் மறுபடியும் உள்ளே போனார்.

"தொழுக முடிஞ்சதும் ஒரு மைக் போட்டுக் குடுங்க. சரியாக் கேக்குதான்னு பாக்கறேன்."

"நீங்க பாத்திரக்காரருங்களே?"

"நாங்க பாத்திரத்தையே தட்டிப் பாக்காம குடுக்கறதில்ல."

மைக்செட்காரருக்கு அந்தப் பதில் பிடித்திருக்க வேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி அடங்கும்வரை மூவரும் காத்திருந்தோம். பிறகு அவர் ஒரு மைக்கை எடுத்து, ஊதிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். மச்சான் மேடையில் ஏறவில்லை. கீழேயே நின்று, ஃப்ளெக்ஸுக்கு முதுகைக் காட்டியபடி ஆரம்பித்தார்.

முதல் அடியைப் பழைய சுருதியில் எடுத்துவிட்டார். இரண்டாவது சொல்லிலேயே குரல் கம்மியது. நிறுத்தினார். ஒரு முறை செருமிவிட்டு, வெகுவாகக் கீழிறங்கி, தேக்சாவுக்குள் கேட்ட அந்தக் கனத்தில் மறுபடி ஆரம்பித்தார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக எனக்குச் சொற்கள் கேட்டன. அதே பாட்டுத்தான். ஆனால் இங்கே போகிறவன் பாடவில்லை, போய்விட்டுத் திரும்பி வந்தவன் பாடினான். 'உம்மா' வந்தபோது மேலே போகவில்லை. இன்னும் ஒரு படி கீழே போய், அங்கே இருந்து மெதுவாகக் கூப்பிட்டார். பக்கத்து அறையில் இருக்கும் ஒருவரைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. மூச்சு இரண்டு இடங்களில் பற்றவில்லை. அதையும் எழுதி வைக்க வேண்டும்.

நன்றாக இருந்ததா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. மைக்செட்காரர் கையில் வைத்திருந்த ஒயரைக் கீழே வைக்காமல் நின்றார். தொழுதுவிட்டு வீட்டுக்குப் போனவர்களில் ஐந்தாறு பேர் செருப்போடு வாசலில் நின்றுவிட்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு செயலாளர் வேகமாக வந்தார்.

"பாய், மன்னிச்சுக்கங்க. போன் சைலண்டுல கெடந்துச்சு. நாளைக்குத்தானே ப்ரோக்ராம்?"

"உங்களுக்கு நாளைக்கு. எங்களுக்கு இன்னைக்கே வந்துருச்சு" என்றார் மச்சான். பிறகு மேடையைக் காட்டினார். "நாளைக்கு மைக்க அமத்தி வெக்கப் போறீங்களாமே?"

செயலாளர் மைக்செட்காரரைப் பார்த்தார். மைக்செட்காரர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

"உங்களுக்குச் சிரமம் வேண்டாமேன்னுதானுங்க பாய். ஜனங்க அந்தக் குரலக் கேக்கத்தான் வர்றாங்க. நீங்க சும்மா நின்னாலே எங்களுக்குப் பெருமைதான். பொன்னாடை எல்லாம் வாங்கி வெச்சிருக்கோம்."

"அந்தப் பையன எங்கன்னு போய்ப் புடிக்கறது பாய்? அவனுக்கு மீச மொளச்சு, அது நரச்சும் போச்சு."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். பொள்ளாச்சியில் சிரித்ததைப் பற்றி நான் கேள்விப்பட்டதுதான். மச்சான் இந்தச் சிரிப்போடு தானும் சிரித்தார்.

"சரிங்க, மொதல்ல பென் டிரைவ் ஒண்ணு, அப்புறம் நீங்க ஒண்ணு" என்றார் செயலாளர்.

"ஆளுக வந்து உக்கார்ற வரைக்கும் அவன் பாடட்டும். நான் மேடை ஏறுனா அவன நிறுத்திரணும். அது ஆகாதுன்னா பாத்திரம் வந்தாச்சு, நான் வரல."

செயலாளர் தாடியைத் தடவினார். அப்போது மைக்செட்காரர் நிமிராமலேயே, "எக்கோவ மட்டும் எடுத்துப்போட்டா நல்லா இருக்குமுங்க. இந்தத் தொண்டைக்கு எக்கோ வேண்டாமுங்க" என்றார்.

"ஒரு பாட்டு" என்றார் செயலாளர் கடைசியில். "ஜனம் சலசலன்னு பேச ஆரம்பிச்சா நிறுத்திரோணும் பாய்."

"நானே நிறுத்திருவேன். எனக்கு அதுல பழக்கம் இருக்கு."

திரும்பி வரும்போது வாளையாரில் கூட்டம் குறைந்திருந்தது. எங்கள் தெருவில் எல்லாக் கடைகளும் திறந்திருந்தன. பள்ளிவாசலில் பெருநாள் தக்பீர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கறிக்கு மசாலா பிசைந்துகொண்டிருந்தாள்.

"பாடிட்டியாண்ணே?"

"இல்ல. நாளைக்குத்தான்" என்றார் மச்சான்.

"மைக் சரியா இருக்கான்னு பாத்தாரு" என்றேன்.

அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுபடி மசாலாவைப் பிசைய ஆரம்பித்தாள்.

மறுநாள் புதன்கிழமை எங்களுக்குப் பெருநாள். சுபுஹு முடிந்ததும் நான் முதலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது வழக்கம். அன்று அதற்கும் முன்பே பின்கதவு தட்டப்பட்டது. மச்சான் கையில் ஒரு தூக்குப் போணியோடு நின்றார்.

"எனக்கு மட்டும் கஞ்சி காச்சும்மா."

"பெருநாளன்னைக்கு எவனாச்சும் நோன்புக் கஞ்சி குடிப்பானா? கிறுக்குப் புடிச்சுப் போச்சா உனக்கு? அங்க தேக்சா நெறைய பிரியாணி வேகப் போகுது."

"நெய்யி தொண்டையில நிக்கும்மா. சாயங்காலம் வேல இருக்கு."

அவள் ஏதோ திட்டிக்கொண்டே பிரியாணிக்கு ஊறவைத்த அரிசியை ஓரமாக நகர்த்தினாள். நொய்யரிசி டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் அரிசியைக் களைந்து, சின்ன அடுப்பைப் பற்ற வைத்தேன். பெருநாள் காலையில் எங்கள் வீட்டில் முதலில் அடுப்பேறியது கஞ்சிதான்.